சோழன் மார்பில் யாருடைய கவசம்?



பள்ளிக் கலைவிழாக்களில் இராசேந்திர சோழன் மேடையேறும்போதெல்லாம் எனக்கு மனத்தாங்கல் எழுகிறது. வாடகைக்கு எடுத்த பொன்வண்ண நெகிழிக் கவசம். அதில் திரண்ட தசைகள். தோள்களில் வாய்பிளந்த சிங்கமுகங்கள். யாருடைய உடை இது?

சோழனுடையதன்று. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மன்னர்கள் ஊர்வலங்களில் அணிந்த அலங்காரக் கவசத்தின் மலிவு நகல். மிலான் நகரத்து நெக்ரோலி குடும்பத்துக் கவசக் கொல்லர்கள் எஃகுத் தகட்டைப் பின்புறமிருந்து தட்டிப் புடைத்துப் புராண உருவங்களை எழுப்பினர். பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு 1541இல் அவர்கள் செய்த கேடயத்தின் நடுவில் மெதூசாவின் முகம் இருக்கிறது. இன்றும் மத்ரித் அரண்மனை ஆயுதசாலையில் காணலாம். அவை போருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தம்மைப் பண்டைய உரோமப் பேரரசராகக் காட்டிக்கொள்ள அம்மன்னர்கள் போட்ட வேடம் அது. அந்த வேடத்தைத்தான் நம் பிள்ளை சோழன் என்ற பெயரில் போடுகிறான்!

“சிறுவர் நாடகந்தானே, பளபளப்பு வேண்டாமா?” என்பர். நம்மிடம் பளபளப்புக்கா பஞ்சம்? தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் கட்டாரிகளைப் பாருங்கள். கைக்காப்புத் தகட்டில் யாளியும் பறவையும் கொடியும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். 1855இல் கும்பினியார் தஞ்சை அரசைக் கைப்பற்றியபின் அந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோக விலைக்குப் போயிற்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கட்டாரிகள் உள்ளன. (இவை சோழர் காலத்தவை அல்ல, பிற்காலத்தவை. ஒரு பொய்யை அகற்ற இன்னொரு பொய் வேண்டா.)

சோழனுக்கு எதைத்தான் அணிவிப்பது? சோழர் காலச் செப்புத் திருமேனிகளை உற்றுநோக்குங்கள். சிங்கமுகம் அங்கும் உண்டு, ஆனால் அரைக்கச்சின் பூட்டில்! மார்பில் தகடில்லை, ஆரமும் முப்புரிநூலுமே. கவசம் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால், புறநானூற்றின் 13ஆம் பாட்டைப் படித்துக் காட்டுங்கள். சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி அங்கே யானைமேல் வருகிறான். அவன் அணிந்த புலித்தோற் கவசத்தை அம்புகள் கிழித்திருக்கின்றன.

லூனாஸில் இருக்கும் நமக்கு இது வெறும் உடைச் சிக்கலன்று. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பாடும் கல்வெட்டுகள் குறிக்கும் கடாரம் நாம் வாழும் இந்தக் கெடாதான். அதே மண்ணில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அண்மையில் நின்றுகொண்டு, உரோமானிய மார்புத் தகட்டைச் சோழனுக்குப் பூட்டலாமா?

அடுத்த ஆண்டு வாடகைப் பணத்துக்குப் பருத்தித் துணியும் அட்டையும் பொன்தாளும் வாங்குவோம். அரைக்கச்சையும் தோள்வளையையும் காட்சிக்கலைப் பாடவேளையில் மாணவர்களே செய்யட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்கப்போகிறேன். உடன்படுவோர் வந்து கையுயர்த்துங்கள்.