பொட்டுக்கட்டைப் புனிதமாக்காதீர்கள்

பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டை ஒழித்த சட்டம் வெள்ளையரின் ஒழுக்கப் பித்துக்குப் பிறந்தது என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. தேவதாசிகளின் சுதந்திரத்தையும் அவர்களின் நாட்டியமான சதிரையும் அதுவே அழித்ததாம். ஆவணங்களைப் புரட்டாமல் வாசகரை மடையராக்கும் வாதம் இது.

1893இல் சென்னை சீர்திருத்தக்காரர்கள், தாசிகளின் நாட்டியக் கச்சேரிகளுக்குப் போக வேண்டாமென்று வைஸ்ராயிடமும் ஆளுநரிடமும் விண்ணப்பித்தார்கள். இருவருமே மறுத்துவிட்டார்கள். 1927இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டை ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் மசோதாவை முன்வைத்தார். அது சட்டமானதோ சுதந்திரத்துக்குப் பிறகு, 1947இன் இறுதியில், ஓமந்தூரார் ஆட்சியில். வெள்ளையர் ஆட்சி முடியும்வரை நிறைவேறாத சட்டத்தை வெள்ளையர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, 'சுதந்திரப் பெண்கள்' என்ற வாதம். தேவதாசிகளுக்குச் சொத்தும் கல்வியும் இருந்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் சட்டத்தை எதிர்த்தார்கள்; தங்களை இழிவுபடுத்தாதீர்கள் என்ற அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் பொட்டு கட்டப்பட்டவர்களில் எத்தனையோ பேர் விவரம் அறியாத சிறுமிகள். அவர்களிடம் சம்மதம் கேட்டது யார்? தாசிகளின் மானிய நிலம் கோயில் ஊழியத்தோடு பிணைந்திருந்தது. நிலத்தை இழக்காமல் ஊழியத்தை விட்டு வெளியேறும் வழியை இந்து அறநிலையச் சட்டத்தின் 1929ஆம் ஆண்டுத் திருத்தம்தான் திறந்தது. நிலத்தைக் காட்டிக் கட்டிவைப்பதற்குப் பெயர் சுதந்திரமா?

உள்ளிருந்து எழுந்த குரல்களில் எதிர்த்தவற்றை மட்டும் கட்டுரை பொறுக்கியெடுக்கிறது. தாசி குடும்பத்தில் வளர்ந்து, 1936இல் அந்த வாழ்வின் கொடுமையை நாவலாகவே எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதன் கண்ணில் படவில்லை. முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் அதே சமூகத்தவர் என்பதையும் அது மறைக்கிறது.

கோயிலில் பெண்கள் ஆடுவதையும் சட்டம் தடுத்தது. பிழைப்பு போனவர்களின் துயரம் பெரிது. ஆனால் பிராமணப் பெண்ணான ருக்மிணி தேவி சதிராட மேடையேறியது 1935இல். சதிர் பரதநாட்டியமாகி மேல்சாதி வீடுகளுக்குப் போகத் தொடங்கியது சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே. தேவதாசி மரபில் வந்தவர்களில் பாலசரஸ்வதி போன்ற ஒருசிலரே அந்த மேடையில் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்களை ஓரங்கட்டியது சாதி. அந்தக் குற்றத்தைச் சிறுமிகளைக் காத்த சட்டத்தின் மேல் சுமத்துவது, ஒதுக்கியவர்களைத் தப்பவைக்கும் வேலை. கலைக்காகக் கலங்குகிறவர்கள் அந்த மேடைகளின் கதவைத் தட்டட்டும். பொட்டுக்கட்டுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.