நனைந்த மூட்டையும் நமது நாணயமும்

வெள்ளம் வடிந்த மறுநாள் கடைவீதியில் நாம் காணும் காட்சி எல்லா ஊர்களிலும் ஒன்றுதான். ஷட்டரைத் தூக்கியதும் சேற்று நாற்றம் முகத்தில் அடிக்கும். அடிவரிசை மூட்டைகள் ஊறி உப்பிக் கிடக்கும். மைதா கல்லாக இறுகியிருக்கும். கணக்கு நோட்டு கூழாகியிருக்கும். கடைக்காரர் முதலில் அண்ணாந்து பார்ப்பது வெயில் வருமா என்றுதான். "இரண்டு வெயில் காட்டினால் தேறிவிடும் அண்ணாச்சி" என்று பக்கத்துக் கடைக்காரர் ஆறுதல் சொல்வார்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் நம்மவர்கள் இதைப் பட்டு அறிந்திருக்கிறார்கள். 2023இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஊர்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் சரக்கை மேலே ஏற்றக்கூட நேரம் கிடைப்பதில்லை.

அந்த "இரண்டு வெயில்" பற்றித்தான் நாம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இது கசப்பான பேச்சு. ஆனால் நமக்குள் நாமே பேசாவிட்டால் வேறு யாரோ நம்மைப் பற்றிப் பேசுவார்கள்.

கடைக்குள் வந்தது மழைநீர் மட்டுமன்று. சாக்கடை, கழிவறைத் தொட்டி, செத்த கால்நடை, எலி வளை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வந்த நீர் அது. காலரா, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் அதில் வரக்கூடும். அந்த நீரில் ஊறிய பருப்பை வெயிலில் உலர்த்தினால் ஈரம் போகும். நஞ்சு போய்விட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நிலக்கடலை, மிளகாய் வற்றல், மக்காச்சோளம் போன்றவற்றில் பூஞ்சை பிடித்தால் அதிலிருந்து உண்டாகும் நச்சு, அடுப்பில் வைத்துச் சமைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. அது கல்லீரலைக் கெடுக்கும். கண்ணுக்குத் தேறிய சரக்கு, உடம்புக்குத் தேறிய சரக்கு ஆகாது.

ஆகவே நமது கருத்து இதுதான்: வெள்ளநீரில் ஊறிய தானியம், மாவு, மசாலா, சர்க்கரை, பிஸ்கட் எதுவும் மீண்டும் தராசில் ஏறக்கூடாது. திருகு மூடி போட்ட பாட்டில்களும் அப்படித்தான்; மூடி இடுக்கில் சேறு தங்கிவிடும். நசுங்காத, உப்பாத, துருப்பிடிக்காத, நன்றாக அடைத்த தகர டப்பாக்களை மட்டும் கழுவி, பிளீச்சிங் கரைசலில் துடைத்துக் காப்பாற்றலாம். அதிலும் லேபிள் போய்விட்டால் விற்பனைக்கு வைக்கக்கூடாது.

"நஷ்டத்தை யார் தருவார்கள்?" என்று சிறிய கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. நகையை அடகு வைத்துச் சரக்குப் போட்டவரிடம் போய், எல்லாவற்றையும் குழியில் கொட்டு என்று உபதேசம் செய்வது சுலபம். மூட்டைக்குப் பணம் கட்ட வேண்டிய தவணை தலைக்கு மேல் நிற்கும்போது, நல்ல மனிதரும் வெயிலைத்தான் தேடுவார். இதை அவருடைய குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. தனியாகத் தாங்க முடியாத நஷ்டத்தைத் தனியாகத் தாங்கு என்று நாம் விட்டுவிடுவதுதான் கோளாறு.

இங்கேதான் மொத்த வியாபாரிகளின் கடமை வருகிறது. வெள்ளத்தில் சிக்கிய சில்லறைக் கடைகளுக்குப் பழைய பாக்கியை மூன்று மாதமாவது நிறுத்தி வைத்து, புதிய சரக்கைக் கடனாகக் கொடுக்க முன்வர வேண்டும். கெட்ட சரக்கைச் சங்கப் பொறுப்பாளர்கள் முன்னிலையில் கணக்கெடுத்து, படம் பிடித்து, இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்த்த பிறகு, உள்ளாட்சி காட்டும் இடத்தில் அழிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தனி ஆளாக அழிப்பவருக்கு நஷ்டம் மட்டுமே மிஞ்சும். சங்கமாக அழித்தால் கைவசம் ஆதாரம் இருக்கும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் பெரிய ஆலைக்காரர்களுக்கு உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள சிறு தொழில், வணிக இடங்களுக்கென்றே "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தீயோடு புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். சரக்கிருப்பைச் சரியாகக் காட்டி, கொள்முதல் பில்களின் நகலைக் கடைக்கு வெளியே வேறிடத்தில் வைத்திருப்பவருக்கே அது பயன்படும்.

சரக்குக்கு அடுத்தபடி நமது ஆட்களைப் பார்க்க வேண்டும். எலி இல்லாத தானியக் குடோன் இல்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு, அதுவும் புண்ணுள்ள காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை பெய்த பிறகு, அந்த நகரம் எலிக்காய்ச்சலில் பல உயிர்களை இழந்தது. குடோனைக் கழுவ இறங்கும் லோடுமேனுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது தர்மம் அன்று, கடமை. பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், "வெள்ளநீரில் நின்றேன்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லும்படி அவருக்குச் சொல்லி வைப்போம்.

நாம் விற்கும் பிளீச்சிங் பவுடரிலும் உயிர் இருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் அதன் குளோரின் வீரியம் போய்விடும். வாய் திறந்து பல மாதம் கிடந்த மூட்டையை நிறுத்துக் கொடுத்தால், வாங்கியவர் கிணற்றில் போட்டுவிட்டுத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நம்பிக் குடிப்பார். ஆகவே புதிய சரக்கை, இறுக மூடி, உணவுப் பொருளுக்கும் ஆசிட் பாட்டிலுக்கும் தள்ளி வைத்து விற்க வேண்டும். ஆசிட்டோடு கலந்தால் அது விஷவாயுவைக் கிளப்பும்.

விலையும் சுகாதாரமே என்பதை நாம் மறக்கக்கூடாது. தண்ணீர் கேனையும் பால் பாக்கெட்டையும் இரண்டு மடங்குக்கு விற்றால், வாங்க முடியாத ஏழை கலங்கிய நீரைக் குடிப்பார். மழைக் காலத்தில் ஒரு சிலர் அப்படி விற்றதால் நம் எல்லோருக்கும் கெட்ட பெயர் வந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நமது பொருளுக்கு உள்ள பெருமையையும் சொல்லியாக வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் வங்காளத்து பன்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து நீரில் கரைத்து வாய் வழியே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. அவர் மறைவுக்குப் பின் 2023இல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தை மருத்துவமனை போய்ச் சேரும் வரை தாங்கும். அளவு கூடக்கூடாது. இதை ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொரு மளிகைக் கடையிலும் மாட்டலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தேநீர்க் காசு.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே ஒவ்வொரு கிளைச் சங்கமும் கூடி இவற்றை முடிவு செய்ய வேண்டுகிறோம். பேரிடர்க் காலத்தில் அதிகாரிகளும் மருத்துவர்களும் வருவதற்கு முன்பே மக்கள் வந்து நிற்பது நமது கடை வாசலில். நம் கையிலிருந்து அவர்கள் வாங்கிப் போவது நோயாக இருக்கக்கூடாது. போன சரக்கை இரண்டு மழைக்காலத்தில் சம்பாதித்துவிடலாம். போன நாணயத்தை எந்த வெயிலிலும் உலர்த்தி எடுக்க முடியாது.