வீடியோவில் டாக்டர்: எண்ணிக்கை மட்டும் போதுமா?

மத்திய அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி பலருக்கும் தெரிய வந்தது 2020 ஊரடங்கில்தான். அந்த ஆகஸ்டில் நாடு முழுக்க ஒன்றரை லட்சம் ஆலோசனைகள் முடிந்தபோது தமிழ்நாடுதான் முதலிடம், 32,035! 2023 பிப்ரவரியில் மொத்தக் கணக்கு 10 கோடியைத் தாண்டியது. சந்தோஷம்தான். ஆனால் விற்றுமுதலைக் காட்டி இதுதான் லாபம் என்றால் பி.காம் முதலாண்டுப் பையன்கூட சிரிப்பான்.

டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்தில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனவருக்கு வீடியோவில் டாக்டர் கிடைப்பது பெரிய விஷயம். பஸ் காசும் மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம். அதே ஆள் வயல் சேற்றில் நின்று நின்று காலில் புண்ணோடு வந்தால்? கேமராவில் புண் தெரியும், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது யார்? பாம்புக்கடி என்றால் பேச்சே வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமத்து மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் முதலில் கருவி வைத்துக் கண்ணைப் பரிசோதிப்பார். பிறகுதான் டாக்டர் திரையில் வருவார். வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. இ-சஞ்சீவனியிலும் சுகாதார நிலையப் பணியாளர் நோயாளியோடு உட்கார்ந்து டாக்டரிடம் பேசும் முறை உண்டு. வளர்க்க வேண்டியது அதைத்தான், வீட்டிலிருந்து போனில் பேசுவதை அல்ல.

எழுதிய மாத்திரை கிடைத்ததா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா, மறுபடி அதே புண்ணோடு வந்தாரா என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிடட்டும். தஞ்சாவூரிலிருந்தே ஆரம்பிக்கலாமே!