மாப்பிள்ளைக் கடிகாரம்

"அண்ணாச்சி! குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையிற ஊரு இது. வாட்சுக்குள்ளே மட்டும் தண்ணி எங்கேயிருந்து வரும்? நீங்களே சொல்லுங்க!"

சமீபத்தில் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தபோது, தறி வைத்திருக்கும் என் பழைய நண்பர் இப்படித்தான் என்னை மடக்கினார்.

விஷயம் இதுதான். பெண்ணைத் திருச்சுழிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு நல்ல வெளிநாட்டுக் கடிகாரமாகப் போட வேண்டுமென்று ஆசை. சீட்டுப் பணத்தை எடுத்து, 45,000 ரூபாய்க்குப் பெரிய நகரத்துக் கடையொன்றில் வாங்கிப் போட்டார். "2 வருஷம் காரண்டி" என்றார்கள். பதினாலாம் மாதம் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. மறுநாள் முள் நின்றது. சம்பந்தியம்மாள் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. "உங்க அப்பா போட்ட கடிகாரந்தானே?" என்று பெண்ணிடம் கேட்டாராம். இந்தக் கேள்வி எத்தனை ஊசிகளுக்குச் சமம் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

நண்பர் கடைக்கு ஓடினார். காரண்டிச் சீட்டை நீட்டினார். அதில் தேதியும் இல்லை, கடை முத்திரையும் இல்லை! வாங்கிய அன்று வெல்வெட் பெட்டியின் அழகில் மயங்கி யாரும் பார்க்கவில்லை. "இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது" என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். நல்ல வேளையாக, கல்யாண மொய் நோட்டுக்குள் ரசீது கிடைத்தது. அதைக் காட்டியதும் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்கள். பத்து நாளில் பதில் வந்தது: "உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சாவித் திருகு சரியாக அமுக்கப்படவில்லை. இது தயாரிப்புக் குறை அல்ல. 6,500 ரூபாய் ஆகும்."

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம். காரண்டி என்றால் என்ன? நம் பக்கத்தில் மாடு வாங்கும்போது சுழி பார்த்துத்தானே வாங்குகிறோம்? சுழியில் தவறிருந்தால் விற்றவனைக் கேட்கலாம். தீனி போடாமல் மாடு இளைத்தால் அவனைக் கேட்க முடியுமா? கடிகாரக் காரண்டியும் அப்படித்தான். இயந்திரத்தில் பிறவிக் கோளாறு இருந்தால் கம்பெனி பொறுப்பு. கண்ணாடி உடைவது, வார் அறுவது, கீழே போட்டது, கண்டவர்கள் திறந்து பார்த்தது இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் பொறுப்பில்லை.

ஆகவே வாங்குகிற அன்றைக்கே, கடையை விட்டு இறங்குமுன், மூன்று காரியங்கள். கடிகாரத்தின் நம்பரும் சீட்டிலுள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். ரசீதைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கி வந்தாலும் இதே கதைதான். கம்பெனி அங்கீகரித்த கடையில் வாங்கினால்தான் கம்பெனியின் காரண்டி செல்லும்.

நியாயமான காரண்டியை மறுத்தால்? அதற்கும் வழி உண்டு. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

சரி, தண்ணீர் எப்படிப் போயிற்று? வெயிலில் மோட்டார் சைக்கிளில் வருகிறீர்கள். கடிகாரம் சுடுகிறது. வந்ததும் குளிர்ந்த நீரில் கையை விடுகிறீர்கள். உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி வெளி ஈரத்தை இழுக்கப் பார்க்கிறது. அதைத் தடுப்பது மெல்லிய ரப்பர் வளையங்கள்தான். வெயிலும் வியர்வையும் அவற்றைக் கெட்டிப்படுத்திவிடும். முதுகில் '30 மீட்டர்' என்று பொறித்திருந்தால் கிணற்றில் குதிக்கலாம் என்று அர்த்தமில்லை. மழைத் தூறலும் கை கழுவும் நீரும் தாங்கும், அவ்வளவே.

தண்ணீராவது உடனே காட்டிக் கொடுக்கும். புழுதி சத்தம் போடாமல் அரிக்கும். பழைய சாவிக் கடிகாரத்தில் உள்ள சிறு சக்கரம் வினாடிக்கு 5 தடவை, ஒரு நாளைக்கு 4,32,000 தடவை அசைகிறது. அதன் ஊசிமுனை அச்சுகளுக்கு ஒரு பொட்டு எண்ணெய்தான் ஆதாரம். அந்த எண்ணெய் வருஷங்களில் வற்றும். கரிசல் புழுதியும் தறிப் பஞ்சும் அதில் கலந்தால் எண்ணெயே அரமாகிவிடும். மசை போடாத வண்டி அச்சாவது கிறீச்சிட்டு ஊரைக் கூட்டும். கடிகாரத்துக்கு அந்த வாய் இல்லை.

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ்? ரோலெக்ஸ் கம்பெனி 5 வருஷம் காரண்டி தருகிறது. சுமார் 10 வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் போதும் என்கிறது. ஒமேகாவுக்கும் காரண்டி 5 வருஷம். சர்வீஸ் 5 முதல் 8 வருஷத்துக்கு ஒரு முறை. உபயோகத்தைப் பொறுத்தது என்று ரோலெக்ஸ் கம்பெனியே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். புழுதியிலும் வியர்வையிலும் வாழ்கிறவர்கள் கடைசி வருஷம் வரை காத்திருக்க வேண்டாம். வழக்கத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால், கண்ணாடியில் ஆவி படிந்தால், அன்றைக்கே காட்டுங்கள். பாட்டரிக் கடிகாரமானால், செத்த பாட்டரியை உள்ளேயே விட்டு வைக்காதீர்கள். கசிந்து இயந்திரத்தைத் தின்றுவிடும். பாட்டரி மாற்றும்போதே ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது நண்பரின் கையைப் பார்த்தேன். பழைய எச்.எம்.டி.! 1985-இல் அவருடைய மாமனார் போட்டது. 1961-இல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்த கடிகாரத் தொழில் அது. எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய மந்திரி சபை முடிவு செய்தது. கம்பெனி போயிற்று, காரண்டி அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே போயிற்று. கடிகாரம் மட்டும் ஓடுகிறது. "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கழுவி எண்ணெய் போட்டுடுவேன் அண்ணாச்சி. மாமனார் போட்டதாச்சே!" என்றார்.

"மாப்பிள்ளை கடிகாரம் என்னவாயிற்று?" என்றேன்.

நண்பர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தேதி மாத்தத் திருகை இழுத்திருக்காரு. அமுக்க மறந்துட்டாரு. அதோட பம்ப்செட்டிலே போய்க் குளிச்சிருக்காரு. 6,500-ஐ நானே கட்டிட்டேன். 'கம்பெனியிலே இனாமாச் செஞ்சு கொடுத்தாங்க'ன்னு சொல்லிக் கொடுத்தனுப்பினேன். இப்போ சம்பந்தியம்மா கடிகாரத்தைப் புகழ்ந்து பேசுறாங்களாம். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்திருக்கிறேன்.