மூடிய ஆலையும் மூடாத கவலையும்

தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தையொட்டி 2018 மே 22, 23 தேதிகளில் நிகழ்ந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர்நீத்த பின்னர், அம்மாதம் 28ஆம் தேதி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை நிரந்தரமாக மூட அரசாங்கம் உத்தரவிட்டதும், அதை எதிர்த்த மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்ததும் யாவரும் அறிந்த சரித்திரம். ஆயினும், கதவை மூடியதோடு கடமை முடிந்ததெனக் கருதுவது பிழை. உப்பாற்று ஓடையை ஒட்டிய நிலங்களில் கொட்டப்பட்ட தாமிரக் கசடு வெள்ளத்தின் போக்கைத் தடுக்குமோ, கிணற்று நீரைக் கெடுக்குமோ என்ற அச்சம் அயலில் வாழும் ஜனங்களை விட்டு அகலவில்லை.

இதே ஜில்லாவில், எங்கள் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் புதைந்த புராதனப் பரம்பைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் எழலாகாதெனச் சட்டம் தடுக்கிறது. மூதாதையரின் தாழிகளுக்கு இத்தகைய எல்லை வகுத்த தேசத்தில், உருக்காலையைச் சுற்றி 250 மீட்டர் பசுமை வளையம் வேண்டுமென முதலில் விதித்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நிறுவனத்தின் கோரிக்கைக்கு இணங்கி அதனை 25 மீட்டராகச் சுருக்கியது. உயிரோடு வாழும் சந்ததியாருக்கு இழைக்கப்பட்ட இவ்வநீதிக்குச் சமாதானம் ஏது?

ஆகவே, கசடு முழுவதையும் அகற்றி, மண்ணையும் நிலத்தடி நீரையும் நிறுவனத்தின் செலவிலேயே சுத்திகரித்து, பரிசோதனை முடிவுகளைக் கிராம சபைகளின்முன் தமிழில் பகிரங்கப்படுத்துவது அரசாங்கத்தின் தலையாய தர்மமாகும்.