கடைசி வரியில் கிடந்த மனை

கையால் எழுதும் உயில்களில் வீட்டைப் பற்றி எல்லோரும் விலாவாரியாக எழுதுகிறார்கள். நான்கு எல்லை, வாசல் எந்தப் பக்கம் என்பதுவரை. நகைகளுக்கு ஒரு பட்டியல். பிறகு கை வலிக்குமோ என்னவோ, மிச்சத்துக்கு ஒரே வரி. செகந்திராபாத்தில் வக்கீல் தொழில் பார்க்கும் என்னிடம் வரும் உயில் தகராறுகளில் பாதி அந்த ஒரு வரியில்தான் முளைக்கின்றன.

பத்மாராவ் நகரில் ஒரு தமிழ் டீச்சர். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. லாங் சைஸ் நோட்டில் கிழித்த தாளில் உயிலைத் தமிழில் எழுதி, கீழே இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். ஃபிளாட் அக்கா மகனுக்கு. வளையல்கள் நாத்தனாருக்கு. ஸ்கந்தகிரி கோயிலுக்கு ஒரு தொகை. கடைசியில்: ‘இதெல்லாம் போக ஏதாவது மிஞ்சினால் சின்னவளுக்கு, பாத்திரம் பண்டம் வாங்க ஆகட்டும்.’ சின்னவள் என்றால் தங்கை மகள். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவள்.

காரியங்கள் முடிந்து பீரோவை ஒழித்தபோது, பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கிரயப் பத்திரம் கிடந்தது. கொம்பள்ளியில் 200 கஜம் மனை. டீச்சர் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. இன்று அதன் விலை ஃபிளாட்டைத் தாண்டும். நாத்தனாரோ டீச்சருக்கு முன்பே போய்விட்டார், வளையல்களும் அந்தரத்தில்.

“பாத்திரம் வாங்க எதுக்கு மேடம் 200 கஜம்? சித்தி மறந்துட்டாங்க. மறந்த சொத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கறதுதானே நியாயம்?” என்றார் அக்கா மகன். நான் சின்னவளுக்காகப் பேசியவள். என் பேச்சில் பட்சபாதம் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் இதில் சின்னவள் பக்கம்தான்.

1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 102-ம் பிரிவு, மிச்சத்தை ஒருவருக்குக் கொடுக்க வக்கீல் பாஷை எதுவும் வேண்டாம், எண்ணம் தெரிந்தால் போதும் என்கிறது. அங்கேயே ஓர் உதாரணமும் உண்டு. ஈமச்செலவு எல்லாம் போக ஏதோ மிஞ்சும், அது பள்ளியில் படிக்கும் இன்ன பையன் ஒரு தொழிலில் இறங்க உதவட்டும் என்று ஓர் அம்மாள் எழுதுகிறார். பையனுக்கு மிச்சம் முழுவதும் சேரும்; தொழிலுக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பாத்திரம் பண்டத்துக்கும் அதே நியாயம்தான். அது கொடுப்பவரின் ஆசை, கொடுத்ததற்குப் போட்ட வேலி அல்ல.

அடுத்த பிரிவின் உதாரணம் இன்னும் ருசியானது. உயில் எழுதியவர் கொடுத்ததில் ஒன்று செல்லாமல் போகிறது, இன்னொன்றைப் பெறவேண்டியவர் முந்திச் சாகிறார், உயில் எழுதிய பிறகு ஒரு ஜமீனே வாங்குகிறார். மூன்றும் மிச்சக்காரருக்கே. ஜமீனே மிச்சத்தில் அடங்கும்போது 200 கஜமும் நாலு ஜோடி வளையலும் அடங்காதா?

எழுதியவரின் எண்ணத்தைப் பார்ப்பது இங்கே மட்டுமல்ல. பிரிட்டனில் 1943-ல் ஒரு வழக்கு. உயிலில் ‘பணம்’ என்று எழுதியதில் பங்குப் பத்திரங்களும் சேருமா என்று கேட்டார்கள். சேரும் என்றது பிரபுக்கள் சபை. உயிலைத் தப்பாகப் படித்த நீதிபதிகளைப் பிடிக்க, அதை எழுதி ஏமாந்தவர்களின் ஆவிகள் ஸ்டிக்ஸ் ஆற்றின் அக்கரையில் காத்திருக்குமாம்; இனி அந்தக் கூட்டம் குறையும் என்றார் அட்கின் பிரபு. ஸ்டிக்ஸ் கிரேக்கர்களின் வைதரணி.

அக்கா மகன் இன்னொன்றையும் யோசிக்கவில்லை. மனை உயிலில் அடங்காது என்று அவர் ஜெயித்தால் அது யாருக்குப் போகும்? 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி, பிள்ளையில்லாத விதவை சொந்தமாகச் சம்பாதித்தது கணவரின் வாரிசுகளுக்கு. இங்கே நாத்தனாரின் மகன்களுக்கு. கல்யாணமான சில மாதங்களில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பைக்கூட 2009-ல் உச்ச நீதிமன்றம் கணவரின் சகோதரி மகன்களுக்குத்தான் கொடுத்தது. அந்தப் பிரிவு கொடுமையானது என்பதே என் கட்சி. ஆனால் இன்றும் அது சட்டம். இதைச் சொன்னதும் எழுந்து போனவர், பிறகு நோட்டீஸ் அனுப்பவில்லை.

நான் கேட்பது கடைசி வரிக்கு இன்னும் கொஞ்சம் மை. ‘சின்னவள்’ யார் என்று கோர்ட் விசாரித்துக் கண்டுபிடிக்கும்தான். அதற்கு ஏன் விடவேண்டும்? முழுப் பெயரை எழுதுங்கள். அவர் முந்திப் போனால் யாருக்கு என்று இரண்டாவது பெயரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் மிச்சம் உயில் இல்லாத சொத்தாகி, மறுபடி அந்த 15-ம் பிரிவில் போய் நிற்கும். பிற்பாடு நினைவு வந்து ஓரத்தில் செருகினால் மட்டும் போதாது. அந்த இடத்திலும் உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. நோட்டுத் தாளே போதும்.