கோட்டை இருக்கு... தங்க இடம்?

ராயக்கோட்டை மலைக்கு ஆள் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். ஏறுகிறார்கள். போட்டோ பிடிக்கிறார்கள். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். ஊருக்குக் கிடைத்தது அந்த டீக்காசுதான்!

தரங்கம்பாடியில் கதை வேறு.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டென்மார்க்குக்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டை கட்டிய ஊர் அது. 1845-ல் பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டு மூட்டை கட்டினார்கள். வியாபாரம் படுத்தது. 1986-ல் மாயவரம் ரயிலும் நின்றது. அவ்வளவுதான், ஊர் முடிந்தது என்றார்கள்.

முடியவில்லை! கடலைப் பார்த்தபடி நின்ற பழைய கலெக்டர் பங்களாவை நீம்ரானா ஓட்டல்காரர்கள் பழுது பார்த்தார்கள். இடித்துவிட்டு கான்கிரீட் பெட்டி கட்டவில்லை. அகலத் தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். அறைகளுக்கு அந்தக் காலத்து டேனிஷ் கப்பல்களின் பெயர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மீனவர் குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. பங்களா நின்றது. பிறகு இன்டாக் அமைப்பு ஊருக்குள் இருந்த பழைய வீடுகளையும் புதுப்பித்தது.

சும்மா புகழவும் கூடாது. அங்கே ஒரு நாள் வாடகை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. வலை காயப்போடுகிறவருக்கு அந்தத் தாழ்வாரத்தால் என்ன லாபம் என்று கேட்டால், பதில் சொல்லத்தான் வேண்டும்.

ராயக்கோட்டைக்கு மட்டும் சரித்திரம் குறைச்சலா? திப்பு காலத்தில் பாராமகாலிலிருந்து மைசூருக்கு ஏறும் கணவாய்க்குக் காவல் இந்தக் கோட்டை. 1791-ல் மேஜர் கௌடி பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தோடு பாராமகாலே கம்பெனி கைக்குப் போனது.

கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம். மலைமேல் ஓட்டல் கட்டு என்று யாராவது கிளம்பினால் விரட்ட வேண்டும்!

கேட்பது கீழே, ஊருக்குள். பழைய ஓட்டு வீடு, பழைய சர்க்கார் கட்டடம் எது எது மிச்சம் என்று சுற்றுலாத் துறை முதலில் கணக்கெடுக்கட்டும். கடப்பாரை விழுவதற்கு முன்னால் எடுக்கட்டும். ஒன்றிரண்டைச் சீர்செய்து நாலு அறை, சுத்தமான கக்கூஸ், காலையில் சூடாக இட்லி. வாடகை, ஓசூர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற தொழிலாளி பெண்டாட்டி பிள்ளையோடு வந்து தங்குகிற அளவில் இருக்க வேண்டும். வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு.

சேலம் - பெங்களூர் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. தரங்கம்பாடிக்கு அதுகூட இல்லை!